சத்தம் குறைந்த ஞாயிறு

கீழ்க்கணக்கு,
பலாங்கொடை.
05.02.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மாதாவின் துணையால் நானும் அவரும் பிள்ளைகளும் சுகம். உங்கள் முதுகு வலி எப்படி? பட்டறையில் குனிந்தபடியே இருக்கிறீர்கள் என்று அண்ணி சொன்னார்.

போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் ஒரே போன், அது எந்நேரமும் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. இது அவருக்குத் தெரியாமல் கேட்க வேண்டிய விஷயம்.

தோட்டத்துப் பெரிய பங்களாவைக் கொழும்பிலிருந்து வந்த பணக்கார மாத்தயா ஒருவர் குத்தகைக்கு எடுத்து ஹோட்டல் ஆக்கியிருக்கிறார். அவரிடம் ரிமோட்டில் பறக்கும் விமானம் ஒன்று உண்டு. கட்டில் நீளத்துக்கு இறக்கை. பேக்டரி மூடி ஏழு மாதம் சும்மா இருந்த இவருக்கு அதன் இன்ஜினைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருக்கிறது. வேலையை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சத்தம்தான், அண்ணா! புல்வெட்டும் மெஷின் நாலைத் தலைக்கு மேலே முடுக்கிவிட்ட மாதிரி.

ஞாயிறு மலையில் ஆள் இருக்காது என்று நினைத்து மாத்தயா அன்றுதான் பறக்கவிடுகிறார். எங்களுக்கோ ஞாயிறுதான் கைக்காசு, பறித்த கொழுந்துக்கு அன்றே கூலி கையில் வரும். பூசை முடிந்த கையோடு கூடையைத் தூக்கிக்கொண்டு போவோம். ஏழாம் நம்பர் மலைக்கு மேலே இருக்கிற பாறையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதில் இப்போது ஆறு குளவிக்கூடு. நேற்று விமானம் அதன் பக்கமாகத் திரும்பியபோது கூடுகளின் மேல் ஓர் அலை ஓடியது. அத்தனை குளவியும் ஒன்றாகச் சிலிர்த்துக்கொண்டன. நான் கூடையைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் மூன்றே மூன்று குளவி கொட்டி எனக்கு மூச்சு அடைத்தது உங்களுக்குத் தெரியும். இனி ஒரு தடவை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர நேரம் இருக்காது என்று டாக்டர் அன்றே சொல்லிவிட்டார். இவரிடம் சொன்னேன். “மாத்தயாகிட்ட போயி சத்தத்தக் கொறைங்கன்னு நான் சொல்லணுமா? அடுத்த நாளே வேற ஆள் வெச்சிருவாரு. நீ வாய வெச்சிக்கிட்டு சும்மா இரு” என்றார்.

நீங்களும் இதே மாதிரிக் குட்டி இன்ஜின்கள்தானே திருத்துகிறீர்கள். சத்தத்தைக் குறைக்க ஏதாவது வழி உண்டா? தோட்டத்து ஆபீசுக்கு எழுத வேண்டாம், கடிதம் இவர் கையில்தான் கிடைக்கும். டவுனில் மர்சூக் நானா கடை விலாசத்துக்குப் போடுங்கள். சம்பளம் எடுத்து டவுனுக்குப் போகும்போது வாங்கிக்கொள்வேன்.

அண்ணிக்கு என் அன்பு.
தங்கை ஸ்டெபானி


வத்தளை
14.02.2024

அன்புத் தங்கச்சி ஸ்டெபானிக்கு,

இங்கே எல்லாரும் நலம். முதுகு அப்படியேதான் இருக்கிறது. முதலாளி நுஹ்மான் ஒரு உயரமான ஸ்டூல் வாங்கித் தருவதாக மூன்று வருஷமாகச் சொல்கிறார்.

கொழுந்து பறிக்கிறவள் சைலன்சரைப் பற்றிக் கேட்டு எழுதிய கடிதம் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்! அந்தனி மச்சானுக்குப் பதிலாக மாத்தயா உன்னையே வேலைக்கு வைத்திருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த இன்ஜின் டூ-ஸ்ட்ரோக்காகத்தான் இருக்கும். மலிவு, வேகம் அதிகம், கத்தும். ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் அடித்தொண்டையில் பேசுகிற மாதிரி இருக்கும், தூரத்துக்குக் கேட்காது. ஆனால் விலை மூன்று மடங்கு, மாத்தயா மாற்ற மாட்டார். முன்னால் சுற்றும் விசிறியைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் சுற்று குறைந்து கீச்சுச் சத்தம் அடங்கும். எல்லாவற்றையும்விட முக்கியம் சைலன்சர். அதற்குள்ளே ஓட்டை போட்ட ஒரு தகடு இருக்க வேண்டும். புகை அதில் முட்டி மோதித்தான் வெளியே வரும், சத்தம் அங்கேயே பாதி செத்துவிடும்.

உன் வீட்டு இன்ஜினில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுது. அதுவரை ஞாயிறு மலைக்குப் போகாதே. உன் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அண்ணன் ஜெறோம்


கீழ்க்கணக்கு
12.03.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். தவக்காலம் என்பதால் வெள்ளிக்கிழமைகளில் ஒரு நேரச் சாப்பாடு. உங்கள் கடிதம் போன வாரம்தான் கைக்கு வந்தது. வாசித்து முடித்து அடுப்பில் போட்டுவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

சனிக்கிழமைகளில் இவர் இன்ஜினை வீட்டுக்குக் கொண்டுவந்து பேப்பர் விரித்துத் துடைப்பார். வீடு முழுக்க ஆமணக்கெண்ணெய் கருகின வாடை. அவர் குளிக்கப் போனபோது சைலன்சரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வால் ஓட்டையில் சுண்டு விரல் தங்கு தடையில்லாமல் உள்ளே போகிறது. தகடு கிகடு ஒன்றும் இல்லை, வெறும் டப்பா. யாரோ அறுத்து எடுத்த மாதிரி விளிம்பு சொரசொரவென்று இருக்கிறது. அடியில் ஆணியால் கீறிய மூன்று கோடு. சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டோ தெரியாது, பார்த்ததை எழுதுகிறேன்.

ஞாயிறு போகாதே என்கிறீர்கள். நீங்கள் சொல்லும் முன்பே இரண்டு வாரம் காய்ச்சல் என்று படுத்துப் பார்த்தேன். நான் தப்பிவிட்டேன். மற்றவர்கள்? “நீ ஏன்டி வரல?” என்று கேட்டால் என்ன சொல்வேன்? சொன்னால் இவர் வேலை போய்விடும், சொல்லாவிட்டால் அவர்கள் அந்தச் சத்தத்துக்குக் கீழே நிற்கிறார்கள். அதனால் நானும் போகிறேன்.

பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவுக்கு மட்டும் என் நோய் தெரியும். வேலுசாமி அண்ணனின் மனைவி. “ஏ புள்ள, நீ கீழ் நெரையில நில்லு. எதுன்னா பாதையில எறங்கி ஓடிரலாம்” என்று என்னைக் கீழே நிறுத்திவிட்டு அவர் எனக்கு மேல் நிரையில் நிற்பார்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.
ஸ்டெபானி


வத்தளை
07.04.2024

தங்கச்சிக்கு,

நலம், நலமறிய ஆவல். வேலை அதிகம், அதனால்தான் தாமதம். நீ வேறு எதையும் நினைக்காதே.

சைலன்சருக்குள்ளே பொருத்த ஒரு தகடு நானே செய்துகொண்டிருக்கிறேன். உன் வீட்டு சைலன்சருக்கு அளவு சரியாக இருக்கும். பலாங்கொடை பஸ் கண்டக்டர் கந்தையா நமக்குத் தெரிந்தவர், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பஸ் நிற்கும் தோட்டத்து ஹோல்டில் வாங்கிக்கொள். பார்சலுக்குள் கடிதம் வைக்க மாட்டேன், மச்சான் கையில் கிடைத்தால் வம்பு. மாட்டும் விதம் தனியாக மர்சூக் நானா கடைக்கு வரும். அது வரும்வரை கை வைக்காதே.

இதை நான் செய்தேன் என்று யாரிடமும் சொல்லாதே. என் முதலாளிக்கும் தெரியக் கூடாது.

ஜெறோம்


வத்தளை
19.04.2024

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லாரும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். பார்சல் நாளைக்கு உன் கையில் கிடைக்கும். இதைக் கவனமாக வாசி.

ஊசித் திருகை முடுக்கக் கூடாது. முதலில் இதை மனதில் வை. இன்ஜினின் தலைப்பக்கம் எண்ணெய் போகும் இடத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. தகடு போட்டதும் சத்தம் குறையும், கூடவே இழுவையும் கொஞ்சம் குறையும். அதைப் பார்த்துவிட்டு வேகத்துக்காக மச்சான் அந்தத் திருகை முடுக்குவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். முடுக்கினால் எண்ணெய் குறைந்து தரையில் நன்றாகத்தான் ஓடும். மேலே ஏறியதும் சூடாகி ஆகாயத்திலேயே நின்றுவிடும்.

ஆகவே மச்சானிடம் ஏதாவது ஒரு கதை சொல்லி, திருகை இப்போது இருப்பதைவிட இரண்டு பல் தளர்த்தச் சொல். அது முடியாவிட்டால் தகட்டைப் போடாதே. தூக்கி ஆற்றில் வீசு.

உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.
அண்ணன் ஜெறோம்


கீழ்க்கணக்கு
20.04.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். கந்தையா அண்ணன் இன்று காலை பார்சலைத் தந்தார். உங்கள் கடிதம் மர்சூக் நானா கடைக்கு வந்துவிட்டதா தெரியாது. டவுனுக்குப் போய்வர அரை நாள் வேண்டும், இன்று கங்காணி யாரையும் விடவில்லை.

நாளைக்குப் பங்களாவில் முப்பது விருந்தாளிகளாம். பாறையைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக் காட்டப் போகிறாராம் மாத்தயா. இவர் சந்தோஷமாகச் சொல்கிறார். நாளைக்கு நாங்கள் பதினெட்டுப் பேர் அந்த மலையில் நிற்போம்.

கடிதம் வரும்வரை கை வைக்காதே என்று எழுதினீர்கள். மன்னியுங்கள், அண்ணா. இவர் கடைக்குப் போன நேரத்தில் இவருடைய குறடு ஒன்றையே எடுத்து வால் மூடியைக் கழற்றித் தகட்டைப் போட்டுவிட்டேன். ஒரே ஒரு வழியில்தான் அது உள்ளே போனது, தப்பு வர இடமில்லை. பிறகு வேர்வையில் சட்டை நனைந்துவிட்டது. இவர் வந்து இன்ஜினைத் தூக்கி வைத்தார். ஒன்றும் கவனிக்கவில்லை.

எங்களுக்காக ஜெபம் பண்ணுங்கள்.
ஸ்டெபானி


வத்தளை
24.04.2024

ஸ்டெபானி,

உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. காலையிலிருந்து மச்சானின் போனுக்கு அடிக்கிறேன். அணைந்திருக்கிறது. கந்தையாவைக் கேட்கலாம் என்றால் அவர் வேறு பஸ்ஸுக்குப் போய்விட்டார். பேப்பரைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

ஒரு வரி எழுது. சுகம் என்று ஒரு வார்த்தை போதும்.

ஜெறோம்


கீழ்க்கணக்கு
02.05.2024

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

அந்தனி எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஸ்டெபானி உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மலைக்கு ஓடும்போது என் போன் எங்கேயோ விழுந்துவிட்டது, நம்பரெல்லாம் அதில்தான் இருந்தது. அவள் பெட்டியில் உங்கள் விலாசம் எழுதிய கவர் ஒன்று கிடைத்தது. உள்ளே கடிதம் இல்லை. நான் தேடவும் இல்லை.

அன்றைக்கு இன்ஜின் சத்தம் என்னவோ குறைவாக இருந்தது. இழுவையும் போதவில்லை. விருந்தாளிகள் முன்னால் மாத்தயாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “மதி, அந்தனி. தவ டிக்கக்” என்றார். போதாது, இன்னும் கொஞ்சம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஊசித் திருகை முடுக்கினேன். நன்றாக ஓடியது. மூன்றாவது சுற்றில் பாறைக்கு மேலே இன்ஜின் நின்றது. விமானம் நேரே கூட்டில் போய் விழுந்தது.

வேலுசாமி அண்ணனின் மனைவி மல்லிகா அக்கா வழியிலேயே இறந்துவிட்டார். ஒன்பது பேர் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். ஸ்டெபானிக்கு நாலு இடத்தில்தான் கொட்டு. மல்லிகா அக்கா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து இவளைச் சுற்றி மூடி, மேலேயே படுத்திருக்கிறார். மூன்று நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். இப்போது வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

மாத்தயா கொழும்புக்குப் போய்விட்டார். பொலிஸில் கேட்டார்கள், நான் முடுக்கியதை மறைக்காமல் சொன்னேன். வேலுசாமி அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை.

முடிந்தால் வாருங்கள், மச்சான். எனக்குத் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது.

அந்தனி


கீழ்க்கணக்கு
27.05.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் வீட்டுக்கு வந்து பத்து நாள். சுகம் என்றுதான் எழுத வேண்டும். அண்ணி வந்து மூன்று நாள் நின்று கஞ்சி வைத்துக் கொடுத்தார். உங்களுக்கு முதுகு வலி, பஸ்ஸில் உட்கார முடியாது என்றார். சரி என்றேன்.

மர்சூக் நானா தன் மகள் யும்னாவிடம் உங்கள் பழைய கடிதத்தைக் கொடுத்து அனுப்பினார். ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி வந்ததாம். ஊசித் திருகை முடுக்கக் கூடாது என்ற வரிக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை.

இவர் வேலைக்குப் போவதில்லை. “நான்தான் முடுக்குனேன், நான்தான் முடுக்குனேன்” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தகட்டைப் பற்றி அவருக்குத் தெரியாது. விமானம் நொறுங்கிப் பாறை இடுக்கில் கிடக்கிறது, யாரும் ஏறி எடுக்க மாட்டார்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியவே போவதில்லை. அவர் தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து சோறு போடுகிறேன். இப்படி ஒரு மனுஷி இருப்பாளா?

வேலுசாமி அண்ணன் இரண்டு தடவை வாசலுக்கு வந்தார். தூங்குகிற மாதிரிப் படுத்துக்கொண்டேன். குளவிக்குக்கூட இப்படிப் பயந்ததில்லை.

என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.
ஸ்டெபானி


வத்தளை
04.06.2024

என் தங்கச்சிக்கு,

உன் உடம்பு தேறட்டும். முதுகு வலி பொய். அண்ணியிடமும் அந்தப் பொய்யைத்தான் சொன்னேன். இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டு வரை வந்து, ஏறாமல் திரும்பினேன்.

அந்த சைலன்சரின் அடியில் மூன்று கோடு என்று எழுதினாயே, அது என் அடையாளம். நான் திருத்துகிற ஒவ்வொரு சாமானிலும் கீறுவேன். சென்ற வருஷம் டிசம்பரில் அந்த மாத்தயா பட்டறைக்கு வந்து, இன்னும் வேகம் வேண்டும், உள்ளே இருக்கிற தகட்டை எடு என்றார். முதலாளி தலையாட்டினார். நான் அறுத்து எடுத்தேன். சத்தம் கூடும் என்று தெரியும். எங்கே பறக்கப் போகிறது என்று கேட்கவில்லை. நாங்கள் யாரும் கேட்பதில்லை.

உன் கடிதத்தை வாசித்த அன்றே முதலாளியிடம் சொல்லி மாத்தயாவிடம் பேசியிருக்கலாம். மச்சானுக்கு நேராகவே ஒரு போன் போட்டிருக்கலாம். என் தங்கை தலைக்கு மேலே குளவியைக் கிளப்புகிற சாமானை நானே செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் திருட்டுத்தனமாக ஒரு தகடும் திருட்டுத்தனமாக ஒரு கடிதமும் அனுப்பினேன். திருகு முடுக்கிய மச்சானிடம் என்ன குற்றம்? தகடு போட்ட உன்னிடம் என்ன குற்றம்? அறுத்ததும் நான், மறைத்ததும் நான்.

வருகிற ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். முதலில் மச்சானிடம் சொல்வேன், பிறகு வேலுசாமி அண்ணனிடம். பொலிஸுக்கும் போகத் தயார். உன்னை ஒரு வார்த்தை பேசவிட மாட்டேன்.

அந்த வாசலுக்குத் தனியாக நடக்கத்தான் பயமாக இருக்கிறது. ஹோல்டுக்கு வந்து நில், தங்கச்சி.

ஜெறோம்


கீழ்க்கணக்கு
07.06.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று யும்னா கடிதத்தைக் கொண்டுவந்தாள். இது கையில் கிடைப்பதற்குள் நீங்கள் புறப்பட்டுவிட்டாலும் விடலாம். ஆனாலும் எழுதாமல் உங்கள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் உங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். நான் யாருக்கும் எழுதாத ஒன்று இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம்கூடச் சொல்லவில்லை.

அன்றைக்கு விமானம் மேலே ஏறியபோது சத்தமே இல்லாத மாதிரி இருந்தது. தையல் மெஷின் ஓடுகிற அளவுதான். இரண்டு தடவை பாறையைச் சுற்றியது, கூட்டில் அலை ஓடவில்லை. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக நான் நிமிர்ந்து நின்று மூச்சு விட்டேன். மல்லிகா அக்கா கேட்டார்.

“என்னாடி புள்ள, இன்னைக்கு சத்தத்தயே காணோம்?”

“இனிமே அப்படித்தான் அக்கா. பயப்படாம மேல போங்க.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியும். நான் சொல்றேன்ல.”

பாறைக்கடியில் மூன்று மாதமாக யாரும் போகாததால் கொழுந்து இடுப்பளவு நின்றது. கைக்காசு நாளில் அதை விட மனசு வருமா? அக்கா சிரித்துக்கொண்டே கூடையோடு மேலே ஏறினார். அவர் பின்னால் எல்லாரும் ஏறினார்கள். நானும்தான் ஏறினேன்.

இன்ஜின் நின்றதை எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. பழைய சத்தமாக இருந்திருந்தால் நின்ற நொடியே தலை நிமிர்ந்திருப்போம். அதற்கு முந்தின ஞாயிறுகள் மாதிரிப் பயந்துகொண்டிருந்தால் அந்த இடத்துக்கே போயிருக்க மாட்டோம். பயப்பட வேண்டாம் என்று சொன்னது நான், அண்ணா. அக்கா என்னை நம்பினார். குளவி கிளம்பியபோதும் என்னைத்தான் மூடினார்.

தகட்டைப் போட்டது நான்தான் என்று நேற்று இரவே இவரிடம் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து சாப்பிட்டார். என்னோடு இன்னும் பேசவில்லை.

ஞாயிறு காலை ஹோல்டில் நிற்பேன். சேர்ந்தே நடப்போம். நீங்கள் சைலன்சரைப் பற்றிச் சொல்லுங்கள், தகட்டைப் பற்றிச் சொல்லுங்கள். என்னைப் பேசவிட மாட்டேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம். வேலுசாமி அண்ணனுக்கு இன்ஜினைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. ஒரு மாதமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் அவர் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டு திரிகிறார்.

“அவ அந்தப் பாறைக்கிட்ட போகவே மாட்டாளே. அன்னைக்கு மட்டும் ஏன் போனா?”

அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் தங்கை,
ஸ்டெபானி